மூச்சும் சான்றும்

பழம்பொருளைப் பேணுதல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், பேணுதல் என்பது யாது என வினவினால் கருத்துகள் பிளவுபடுகின்றன. உள்ளதை உள்ளவாறே வைத்திருத்தல் பேணுதலா? பழுது நீக்கி மீண்டும் பணிபுரியச் செய்தல் பேணுதலா? கோயிற் சிற்பத்திலும் பழைய ஏட்டிலும் எழும் இவ்வினா, நீர்மூழ்குவோரின் பழைய மூச்சுக் கருவியில் எழும்போது தனிக் கூர்மை பெறுகின்றது. சிற்பத்தைச் சீர்செய்வதில் நேரும் பிழை கண்ணை உறுத்தும். மூச்சுக் கருவியில் நேரும் பிழை உயிரைக் குடிக்கும்.

ரெகுலேட்டர் எனப்படும் அக்கருவியின் இன்றைய வடிவத்திற்கு வித்திட்ட ஆண்டு 1943. செருமானியப் படை பிரான்சு நாட்டைக் கைப்பற்றியிருந்த காலம் அது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டும் நிலை. அதற்கான வாயுச் சீராக்கி ஒன்றை எமில் கன்யான் என்னும் பொறியாளர் அமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்டோவும் அவரும் அதனை நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியாக மாற்றினர். பாரிசை அடுத்த மார்ன் ஆற்றில் நிகழ்ந்த சோதனை ஏமாற்றத்தையே அளித்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே பீறிட்டது. தலைகீழானால் மூச்சிழுப்பதே அரிதாயிற்று. காற்றை அளந்துவிடும் சவ்வும், விட்ட மூச்சு வெளியேறும் வால்வும் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு நீரழுத்தத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை தீர்ந்தது. இரட்டைக் குழாய்க் கருவியில், விடும் மூச்சையும் ஒரு குழாய் பிடரிக்குப் பின்னே கொண்டுசெல்வது இதன் பொருட்டே. அறியாதார் அவ்விரண்டாம் குழாயை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக்கூடும்.

கருவியின் இயக்கம் வியப்பூட்டும் எளிமை உடையது. பித்தளைக் கூட்டினுள் ஒரு ரப்பர்ச் சவ்வு. அதன் ஒருபுறம் நீர். மறுபுறம் மூழ்குவோர் இழுக்கும் காற்று. மூச்சை இழுத்தவுடன் சவ்வு உட்குழிந்து நெம்புகோலை அழுத்துகின்றது, வால்வு திறக்கின்றது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கானால், வரும் காற்றின் அழுத்தமும் தானே இருமடங்காகின்றது. இத்தனைக்கும் ஆதாரம் உள்ளங்கை அகல ரப்பர்த் துண்டு ஒன்றே.

அந்த ரப்பரோ நெடுநாள் நில்லாது. 1955இல் பிரான்சில் வெளிவந்த மிஸ்ட்ரால், 1958இல் அமெரிக்காவில் வெளிவந்த அக்வா மாஸ்டர் போன்ற கருவிகள் இன்றும் பரண்களிலிருந்தும் பழம்பொருட் கடைகளிலிருந்தும் வெளிப்படுகின்றன. பித்தளை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். களிம்பும் உப்பும் படிந்திருப்பினும் நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்தால் நீங்கிவிடும். மிகுதியாக ஊறினால் குரோமியப் பூச்சும் உடன் உரியும். ரப்பரின் நிலை அவ்வாறன்று. குழாய்கள் வெடித்திருக்கும். வாத்தின் அலகைப் போன்ற வெளியேற்று வால்வு விறைத்து, மூச்சோடு நீரையும் உள்ளே விடும். சவ்வில் ஊசிமுனை அளவு துளை இருப்பினும் போதும்.

சீர்செய்வோர் முதற்கண் கருவியை இன்னதென்று அறிய வேண்டும். அது அத்துணை எளிதன்று. அக்வா மாஸ்டரும் பின்னர் வந்த ராயல் அக்வா மாஸ்டரும் புறத்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. மெய்யான வேறுபாடு உள்ளிருக்கும் உயர் அழுத்த வால்வின் அமைப்பிலேயே உள்ளது. மேல்மூடியை மாற்றலாம், பெயர்ச்சீட்டை மாற்றலாம், உள்ளுறுப்பையும் மாற்றலாம். ஆகவே ‘ராயல்’ எனப் பெயர் தாங்கி வருவது, ராயலாகவே பிறந்ததா, பிறகு ஆக்கப்பட்டதா என்பதைக் கழற்றிப் பார்த்தும் சில வேளைகளில் துணிய முடிவதில்லை. தேய்ந்த திருகு, வரிசை எண், முன்னொருவர் இட்ட கீறல் ஆகிய சிறு தடயங்களே சான்றாக நிற்கின்றன. அவற்றைத்தான் பளபளப்பை நாடும் கை முதலில் தேய்த்து அழிக்கின்றது.

இவ்விடத்தில் இரு சாரார் எதிரெதிர் நிற்கின்றனர். எதனையும் மாற்றலாகாது, மாற்றினால் அது வேறொரு பொருள் என்பர் ஒரு சாரார். மூச்சுத் தராத மூச்சுக் கருவி பிணத்திற்கு ஒப்பானது என்பர் மறு சாரார். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பலா, புதியதா என்று கிரேக்கர் வாதிட்டதைப் புளூடார்க் குறித்துள்ளார். ஆயின், அக்கப்பல் நினைவுச் சின்னமாக நின்றது. அதனை நம்பி எவரும் கடலடிக்குச் செல்லவில்லை. எனவே கிரேக்கர் நிதானமாக வாதிட முடிந்தது.

ரப்பரைப் பொறுத்தமட்டில் தயக்கத்திற்கு இடமே இல்லை. அது தேய்வதற்கென்றே படைக்கப்பட்டது; முதல் உரிமையாளரும் அதனை மாற்றியே வந்திருப்பார். இன்று சிலிக்கோனில் செய்த சவ்வுகள் கிடைக்கின்றன. அவற்றை இடுவதால் கருவியின் தன்மை கெட்டது என்று வருந்துவோர், பழமையைப் போற்றுகின்றனரா, பழைமையின் துர்நாற்றத்தைப் போற்றுகின்றனரா என ஐயுற வேண்டியுள்ளது. உலோகத்தில்தான் இடர்ப்பாடு. அடைப்பான் அமரும் கூம்பின் விளிம்பு சிதைந்திருந்தால் காற்று கசியும். அதனை அராவிச் சமன்செய்தால் கசிவு நிற்கும். ஆயின் அராவிய உலோகம் மீண்டும் வாராது. அக்காலக் கருவிகள் பலவற்றில் சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் அளவியைப் பொருத்த வழியில்லை. பாதுகாப்பை எண்ணிப் பித்தளைக் கூட்டில் துளையிட்டாரும் உளர். காற்று நுழையும் வாயிலில் இடைத்துண்டு ஒன்றைச் செருகி, துளையிடாமலே அளவியை இணைத்தாரும் உளர். இருவரும் மூச்சைக் காத்தனர். பின்னவர் சான்றையும் காத்தார். அதற்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது சில நாள் தேடலும் சிறிது பொறுமையுமே.

எனினும், துளையிட்டவர் செயலைப் பெருங்குற்றம் எனல் பொருந்தாது. அவர் செய்தது வெளிப்படையானது. காண்போர் எவரும் காணலாம். கடியத்தக்கது வேறொன்று. புறத்தே புதுக் குரோமியம் பூசி, பெயர்ச்சீட்டைப் புதுக்கி, உள்ளே விறைத்த பழைய வால்வையே விட்டு, ‘சீர்செய்யப்பட்டது’ என்று கூறி விற்பதே அது. வாங்குபவர் பளபளப்பைக் கண்டு பழுதில்லை என நம்புகின்றார். அந்நம்பிக்கையோடு நீரில் இறங்கவும் கூடும். அழுக்கேறிய கருவி தன் நிலையைத் தானே சொல்லிவிடும். மெருகிட்ட கருவி சொல்லாது. ஏட்டிலுள்ள பாடத்தைத் திருத்திவிட்டுப் பாடபேதம் காட்டாத பதிப்பாசிரியனைப் புலவர் மன்னியார். அங்குப் பிழைபடுவது ஒரு சொல்லே. இங்கு ஓர் ஆளின் மூச்சு.

நேர்மையுடன் இத்தொழில் புரிவோர், கருவியோடு ஒரு தாளையும் கொடுக்கின்றனர். மாற்றிய உறுப்பு எது, அராவிய இடம் எது, பெயர்ச்சீட்டு அதற்கே உரியதா அன்றா என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். விலை அதனாற் குறையவும் கூடும். பெட்டியின் அடியில், வெடித்த குழாய்களும் விறைத்த சவ்வும், அகற்றிய ஆண்டு குறித்த துணிப்பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கும்.