கைதட்டலும் பகுத்தறிவும்

பலர் விரும்புகின்றனர் என்பதனால் ஒன்று உயர்ந்ததாகிவிடுமா? பலர் நம்புகின்றனர் என்பதனால் ஒன்று உண்மையாகிவிடுமா? முதல் வினாவை விளையாட்டுத் திடலிலும், இரண்டாவதை இலக்கியத்திலும் வைத்து ஆராய்ந்தால் இரண்டிற்கும் விடை ஒன்றே என்பது புலனாகும்.

1983ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், கபில்தேவ் தலைமையிலான இந்தியக் கிரிக்கெட் குழு இலண்டனில் மேற்கிந்தியத் தீவுக் குழுவை 43 ஓட்டங்களில் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. தொலைக்காட்சி பரவப் பரவ அவ்வாட்டம் அந்நாட்டின் பொதுச் சமயம் போலாயிற்று. அதே ஆட்டத்தை அதே ஆங்கிலேயர் மலாயாவிற்கும் கொண்டுவந்தனர். இங்கோ அது சிலர் ஆடும் ஆட்டமாகவே நின்றது. பாச்சாங்கிலும் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் தமிழிளைஞர் நெஞ்சைக் கவர்ந்தது காற்பந்தே. எழுபதுகளில் இலக்குக் காவலர் ஆறுமுகத்தின் பெயரை அறியாத தோட்டம் அரிது. ஆகவே, ஓர் ஆட்டத்தின் செல்வாக்கு அதன் சிறப்பினால் மட்டும் விளைவதன்று; வரலாறும் வாய்ப்பும் விளம்பரமும் சேர்ந்து விளைவிப்பது.

அவ்வாறாயின் கூட்டத்தின் விருப்பம் இழிந்ததோ? அதுவும் அன்று. ஆட்டத் திடலில் ஓர் அறம் உண்டு. பந்து வீசுபவனின் குலத்தை விக்கெட் கேட்பதில்லை. தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் வீசிய பந்தை ஏற்ற சமூகம், அவருக்குத் தேநீரைத் தனி மண்குவளையில், மண்டபத்திற்கு வெளியே வைத்துக் கொடுத்தது. இந்துக்கள் குழுவின் தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை. 1923ஆம் ஆண்டில் அவர்தம் தம்பி விட்டல் அதனைப் பெற்றார். திறமையைக் கைதட்டி வரவேற்ற கூட்டம், குவளையைப் பற்றிச் சிந்திக்க மறந்தது. கைதட்டுவது எளிது; சிந்திப்பதே அரிது.

இக்குவளையைச் சுட்டிக் காட்டுவதே பகுத்தறிவு இலக்கியத்தின் பணி. மலாயாவில் முன்னாளில் அச்சேறிய தமிழ்ச் செய்யுள்களில் பெரும்பகுதி தெய்வத் துதியே. 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழும், 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மேற்கொண்ட மலாயாப் பயணமும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தோற்றுவித்த 'தமிழ் முரசு' நாளேடும் எழுத்தின் திசையை மாற்றின. தோட்டத்துச் சாதி வேற்றுமை, கள்ளுக்கடை, கைம்பெண் துயர் ஆகியவை கதைக்கும் கவிதைக்கும் பொருளாயின. கோயிற் கோபுரத்தை நோக்கி நின்ற எழுதுகோல், பால்மரத்தடியில் நின்ற மனிதனை நோக்கித் திரும்பியது.

எனினும் ஓர் இடர் உண்டு. பகுத்தறிவும் மேடையேறித் திரையேறிக் கூட்டத்தைச் சேர்த்தது. அடுக்குமொழிக்குக் கைதட்டல் எழுந்தது; வினாவெழுப்பக் கற்பித்த தலைவர்களுக்கே மாலையும் சிலையும் பெருகின. எவர் கூறினும் மெய்ப்பொருளை ஆராய்க என்று வள்ளுவர் வகுத்த நெறி, பகுத்தறிவாளர் கூற்றுக்கும் பொருந்தும். ஆராயாமல் ஏற்கப்படும் பகுத்தறிவும் ஒரு நம்பிக்கையே. நாத்திகம் பேசும் கதையாயினும் மாந்தரை உயிரற்ற பொம்மைகளாக்கி முடிவை முன்கூட்டியே வகுத்துவிட்டால், அதுவும் படிப்பவனுக்குச் சிந்திக்க இடந்தராத ஒரு துதிப்பாடலே.

கூட்டம் திருந்தாதோ எனின், திருந்தும். 1996ஆம் ஆண்டு கல்கத்தாவில் உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா தோற்கும் நிலை வந்தபோது, பார்வையாளர் புட்டிகளை வீசித் தீ மூட்டினர்; ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதியில், சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றபோதோ, அங்கிருந்த மக்கள் எழுந்து நின்று வென்றவரைக் கைதட்டி வாழ்த்தினர். இருவருக்கும் ஆட்டத்தின்மீது காதல் ஒன்றே, பார்வைதான் வேறு. தன் தோல்வியிலும் பிறன் தகுதியைக் கண்ட கண்ணே பகுத்தறிவின் கண்.

ஆதலால், மக்கள் விரும்புவதை வெறுப்பது எழுத்தாளன் கடனன்று; அவ்விருப்பத்திற்குக் கண் கொடுப்பதே அவன் கடன். கைதட்டும் கரங்கள் கைதட்டட்டும். ஆனால் தட்டுமுன், தனிக்குவளை ஏதேனும் வெளியே வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நம் தமிழ்ப் பள்ளிகளிலேயே இளையோர்க்கு ஊட்ட வேண்டும். அத்தகைய தலைமுறையே நல்ல இலக்கியத்திற்கும் நல்ல ஆட்டத்திற்கும் ஒருங்கே உரியதாகும்.