டிஸ்பென்சரியில் விட்டுப்போனவை

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கொழுந்தை அரைத்த உருளைகள், அவற்றை ஓட்டிய எஞ்சின்கள், ஜேம்ஸ் டெய்லர் புழங்கிய பொருள்கள் என எல்லாவற்றையும் துடைத்துப் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அந்த எஞ்சின்களும் எங்கள் பாட்டன்மார் கைபட்டவைதான். ஆனால் கொட்டகலைக்குத் திரும்பி, எங்கள் தோட்டத்துப் பழைய டிஸ்பென்சரியைக் கடக்கும்போது மனம் ஆறுவதில்லை. தேயிலையை அரைத்த இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை, அதைப் பறித்தவர்களின் உயிரைக் காத்த சாமான்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கூரைத் தகரம் பாதி போய்விட்டது. உள்ளே ஓர் இரும்புக் கட்டில், நீல விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டுகள், ஊசி அவிக்கும் பெட்டி. பெட்டிக்குள் கண்ணாடிச் சிரிஞ்சுகள் இன்னும் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தால் குழாயிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இரண்டையும் சோடியாகவே இழைத்திருப்பதால் ஒன்றின் தண்டு மற்றதில் சரியாகப் பொருந்தாது. ஒரு தடவை போட்டு எறியும் ஊசி வருவதற்கு முன், ஒவ்வொரு முறையும் அவித்து, எண் பார்த்து, சோடி சேர்த்து வைத்த கைகள் இங்கே இருந்திருக்கின்றன.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மரக்குழல். ஒரு முனை அகன்றும் மறுமுனை தட்டையாகவும் இருக்கும். பினார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895இல் செய்த கருவி அது. மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அகன்ற முனையைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைக் கொடுத்தால் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும். காது படும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. எங்கள் லயத்தில் பிறந்த பலர் உலகத்துக்கு முதலில் தெரியவந்தது அந்தத் தேய்ந்த இடத்தின் வழியாகத்தான்.

டிஸ்பென்சரியைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு மனம் வராது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி வேண்டுமென்று 1872லேயே சட்டம் வந்தது. 1912இல் அதைத் திருத்தி மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. முதலாவது சட்டம் மலைக்கு எவ்வளவு ஏறியது என்பதை அதுவே சொல்லும். டொக்டர் ஐயா எழுதிக் கொடுக்கும் துண்டுதான் நோயாளி யார், வேலைக்குக் கள்ளம் செய்பவர் யார் என்று தீர்மானித்தது. “ஐயா துண்டு குடுத்தாத்தான் காச்சல், இல்லாட்டி கள்ளக் காச்சல்” என்பாள் என் அப்பாயி. அதே வாயால், மூன்றாவது பிள்ளை குறுக்கே கிடந்த இரவில் லாந்தரோடு ஏறிவந்த மருத்துவச்சியையும் வாழ்த்துவாள். “அந்தம்மா வராட்டி நீ ஏது, ஒங்கப்பன் ஏது?” இரண்டும் உண்மை. அந்த அறைச் சாமான்களுக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் அவை துருப்பிடித்துப் போகக்கூடாது என்கிறேன்.

பழையது போகவேண்டியதுதான். தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுக்குப் போய், 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றைப் பின்னர் அரசு ஏற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் மோடி திறந்துவைத்தார். பிரசவ வலியோடு கொழுந்து லொறியில் குலுங்கிப் போன தலைமுறைக்கு அது சின்ன விஷயமா? என் கேள்வி வேறு. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, விட்டதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? கதவைச் சாத்திவிட்டு நடந்தால் முடிந்துவிடுமா?

முடியாது என்பதற்குப் பிரேசிலின் கோயானியா நகரம் சாட்சி. அங்கே கைவிட்டுப்போன கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையமொன்றில் கிடந்த கருவியை, 1987 செப்டம்பரில் இருவர் பழைய இரும்புக்காகக் கழற்றினார்கள். உள்ளே சீசியம்-137 இருந்தது. இருட்டில் நீலமாக மின்னிய அந்தத் தூளை உறவினரும் அயலாரும் ஆசையாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓர் ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள். 249 பேர்மேல் அது படிந்திருந்தது. நம் டிஸ்பென்சரிகளில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அது உருண்டு ஓடும். பிள்ளைகள் உள்ளங்கையில் ஏந்தி விளையாடும். அதன் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பழைய இரும்பு எடுக்கவருபவருக்கு இதை யார் சொல்வது?

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது மூலையில் ஈரமேறிக் கிடக்கும் பதிவுப் புத்தகங்கள். தாயின் பெயர், லய எண், பிறந்த தேதி, குழந்தையின் நிறை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களிடம் கேட்டது, அப்பன், இல்லையேல் பாட்டனும் பூட்டனும், இந்த மண்ணில் பிறந்ததற்கான அத்தாட்சியை. தாளில் காட்ட முடியாததால் நாடற்றவரானோர் ஏராளம். அந்தக் கதை முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். ஒரு தாள் இல்லாததால் இவ்வளவு பட்ட சனம், இருக்கிற தாளைக் கறையானுக்கு விடலாமா?

கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில், ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது. நம்மவர் புழங்கிய பொருள்களை மதித்து வைத்திருக்கும் இடம். ஆகவே தோட்டத் தலைவர்மாரையும், துரைமாரையும், சுகாதாரப் பரிசோதகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் டிஸ்பென்சரியை இந்த மழைக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பாதரசத்தையும் ஊசிகளையும் அறிந்தவர் கையில் ஒப்படையுங்கள். பதிவுப் புத்தகங்களை முதலில் வெளியே எடுத்து உலர்த்துங்கள். மரக்குழல் கிடைத்தால், அதை விற்றுவிடாதீர்கள்.