இறக்கைக்குள் ஒரு விரிசல்

இயந்திரம் இல்லாமல், மேலெழும் காற்றை நம்பிப் பறப்பது கிளைடர். ஒரு வகைக் கிளைடரில் உயிருக்கு ஆபத்தான குறை தெரியவந்தால், அந்த வகையைச் சேர்ந்த எல்லாக் கிளைடர்களுக்கும் பொதுவாக அரசு ஓர் ஆணை பிறப்பிக்கிறது. பறப்புத் தகுதி ஆணை என்று அதைச் சொல்லலாம். எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், எத்தனை மணி நேரப் பறப்புக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் இதற்குச் சட்ட அடிப்படை கூட்டாட்சி விமான விதிகளின் 39ஆம் பகுதி. ஆணை பிறக்க இரண்டு நிபந்தனைகளை அது வைக்கிறது: பாதுகாப்பற்ற நிலை ஒன்று இருக்க வேண்டும், அதே வடிவமைப்பில் செய்யப்பட்ட மற்றவற்றிலும் அது இருக்கவோ உருவாகவோ வாய்ப்பு இருக்க வேண்டும்.

இதே விதியில் எளிதில் கண்ணுக்குப் படாத ஒரு நுணுக்கம் உண்டு. பழுது பார்க்காமல் விடுவது குற்றமல்ல. பழுது பார்க்காததைப் பறக்க விடுவதுதான் குற்றம். பறக்கும் ஒவ்வொரு தடவையும் அது தனித்தனி மீறல். கிளைடரைக் கொட்டகையில் போட்டுவைத்துத் தூசி படிய விடுபவரை ஆணை ஒன்றும் செய்யாது. கட்டாயம் என்று பேசப்படுவது உண்மையில் ஒரு நிபந்தனைதான். ஆனால் பறப்பதற்காகவே வாங்கிய பொருளைப் பறக்காதே என்று சொல்வதும் கட்டாயம்தானே என்று உரிமையாளர் கேட்டால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த ஒரு சந்தர்ப்பம் பிளானிக் எல்-13. செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாகி 1956இல் முதன்முதலாகப் பறந்த இருவர் அமரும் உலோகக் கிளைடர் அது. 2,600க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பல நாடுகளில் இளைஞர்கள் பறக்கக் கற்றது இதில்தான். விலை குறைவு, முரட்டு உழைப்பைத் தாங்கும், வெட்டவெளியில் நிறுத்தினாலும் கெடாது என்று பெயர் வாங்கியிருந்தது. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக்கின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது; உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். இறக்கையின் முழுப் பாரத்தையும் தாங்கும் ஸ்பார் எனப்படும் நெடுந்தண்டு, உடலோடு சேரும் இடத்துக்கு அருகே உலோக அயர்ச்சியால் விட்டுப்போயிருந்தது.

உலோக அயர்ச்சி வஞ்சகமானது. ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் சுமையையே ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும்போது, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை போன்ற இடத்தில் மயிரிழை விரிசல் பிறக்கிறது. அது மெல்ல வளர்ந்து, மீதமுள்ள உலோகம் பாரத்தைத் தாங்காத கட்டத்தில் திடீரென்று விட்டுப்போகிறது. அதுவரை இறக்கை நல்ல இறக்கை போலவே பறக்கும். ஒரே வயதுள்ள இரண்டு கிளைடர்களுக்கு அயர்ச்சியும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று அமைதியாக மிதந்திருக்கலாம். மற்றொன்று வின்ச் என்னும் தரை இழுவை இயந்திரத்தால் இழுக்கப்பட்டு, குட்டிக்கரணம் அடித்து, அதே மணிக்கணக்கில் பல மடங்கு உழைத்திருக்கலாம். விபத்தைத் தொடர்ந்து வந்த முதல் ஆணைகள் ஸ்பாரைப் பரிசோதிக்கச் சொன்னதோடு நின்றன. கண்ணால் பார்ப்பது போதாது என்றானதும், சில மாதங்களிலேயே அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பிளானிக் பறப்பதே தடைபட்டது.

அன்று தரையில் நின்றுபோன கிளைடர்களில் பெரும்பாலானவற்றின் இறக்கைகள் நல்ல நிலையில் இருந்திருக்கக் கூடும். ஆனால் எவை நல்லவை என்று சொல்ல எவராலும் முடியவில்லை. தன் கிளைடர், தன் உயிர், தன் ஓய்வு நாள் என்று சொல்லும் ஒருவரை, எங்கோ முறிந்த இன்னொரு இறக்கையைக் காட்டி அரசு தடுக்கலாமா?

கூடாது என்று வாதாட நினைப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய நூலில், ஒருவர் மீது அதிகாரம் செலுத்த நியாயமான காரணம் பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது மட்டுமே, அவருடைய சொந்த நன்மை போதுமான காரணம் ஆகாது என்றார். அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பாலம் வருகிறது. பாலம் உறுதியற்றது என்று தெரியாமல் ஒருவன் அதில் கால் வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுப்பதில் சுதந்திர மீறல் ஏதுமில்லை என்கிறார் மில். விரும்பியதைச் செய்வதுதான் சுதந்திரம், ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை. ஆனால் விழுவது நிச்சயமில்லை, ஆபத்து மட்டுமே உண்டு என்றால், அந்த ஆபத்தை ஏற்பது தனக்குத் தகுமா என்று தீர்மானிக்க வேண்டியவன் அவன்தான். அவனை எச்சரிக்கலாம், தடுக்கக் கூடாது. குழந்தையையும் தன்னிலை இழந்தவனையும் மட்டும் மில் இதிலிருந்து விலக்குகிறார்.

இதை அப்படியே பிளானிக்குக்குப் பொருத்தினால் பறப்புத் தகுதி ஆணை தோற்றுவிடும். இறக்கை முறிவது நிச்சயமல்ல, ஆபத்துதான். எச்சரிக்க நேரமும் தாராளமாக உண்டு. எல்லா உரிமையாளர்களுக்கும் கடிதம் போட்டுவிட்டால் போதும். ஆணை நிற்க வேண்டுமானால் அதற்கு வேறு தூண் வேண்டும்.

ஒரு தூண் மில்லிடமே கிடைக்கிறது. பிளானிக்கில் இருக்கைகள் இரண்டு. பின்னால் ஆசிரியர், முன்னால் மாணவர். அமெரிக்காவில் 14 வயதிலேயே மாணவர் கிளைடரைத் தனியாக ஓட்ட அனுமதி உண்டு. அந்த வயதுப் பிள்ளையை ஆபத்தைத் தானே எடைபோடும் முதிர்ந்தவராக மில் எண்ணியிருக்க மாட்டார். கிளைடர் கைமாறும், வாடகைக்குப் போகும், பறப்பு மன்றத்தின் பொதுச் சொத்தாகும். ஸ்பாரில் உள்ள விரிசல் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து முறிவதில்லை.

இந்த எல்லைக்கோட்டை அமெரிக்கச் சட்டமே வேறோர் இடத்தில் வரைந்திருக்கிறது. 1982இல் வந்த 103ஆம் பகுதியின்படி, 155 பவுண்டுக்கும், அதாவது ஏறத்தாழ 70 கிலோவுக்கும், குறைந்த எடையுள்ள, இயந்திரமற்ற, ஒருவர் மட்டும் பறக்கும் கலத்துக்குப் பறப்புத் தகுதிச் சான்றிதழே தேவையில்லை. உடலில் மாட்டிய பட்டைகளில் தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடர்கள் பெரும்பாலும் இந்த வகை. அவை பொழுதுபோக்குக்காக மட்டுமே பறக்க வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு மேல் பறக்கக் கூடாது. விதி எழுதியவர்கள் மில்லைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய கோடுதான் அது. தன்னை மட்டும் பணயம் வைப்பவனை விட்டுவிடு, பிறர் அதற்குள் வரும்போது மட்டும் கேள்வி கேள். கோடு முழுக்க நேராக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 200 கிலோ எடையுள்ள ஒற்றை இருக்கைக் கிளைடரில், ஆளில்லா மலைச்சரிவின் மேல் தனியாகப் பறக்கும் முதியவர், ஹேங் கிளைடர் ஓட்டியைவிடப் பிறருக்கு எந்த வகையில் பெரிய ஆபத்து? சட்டம் அவரையும் நிறுத்துகிறது. மில்லின் தூண் அவருக்கு மேல் உள்ள கூரையைத் தாங்காது.

இரண்டாவது தூண் நம்பிக்கையைப் பற்றியது. ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் 1877இல் வெளியிட்ட நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது. குடியேறிகளை ஏற்றிச் செல்லும் அந்தக் கப்பல் பழையது, அடிக்கடி பழுது பார்க்கப்பட்டது. முழுதாகச் சரிசெய்ய வேண்டும் என்ற ஐயம் முதலாளிக்கு எழுகிறது. செலவு கையைக் கடிக்கும். எத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார், கடவுளைத் துணைக்கு அழைக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக ஐயத்தை அடக்கி உண்மையாகவே நம்பத் தொடங்குகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்கும்போது காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார். அவர் உளமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது. அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு. கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் ஒரு துளியும் குறையாது என்கிறார். கிளிஃபர்ட் கடல் விபத்தை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1870இல் சூரிய கிரகணம் பார்க்கச் சென்ற அவருடைய கப்பலே சிசிலிக் கரையோரம் உடைந்தது. அவர் உயிர் தப்பினார்.

கிளைடர் உலகில் முதலாளியின் இந்த மனநிலை நன்றாகப் பழகிய ஒன்று. நாற்பது ஆண்டு பறந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் பிளானிக்குக்காகவும் எளிதில் சொல்லக் கூடியது. அயர்ச்சியின் இயல்பு தெரிந்த பிறகு இதே வாக்கியம் தலைகீழாகிறது: நாற்பது ஆண்டு பறந்திருப்பதுதான் ஐயப்பட வேண்டிய காரணம்.

கிளிஃபர்டுக்குப் புகழ்பெற்ற மறுப்பு எழுதியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். சான்று வரும்வரை காத்திருக்க முடியாத இடங்களில் நம்பும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று 1896இல் வாதிட்டார். வேறு கட்டுரைகளில் அவர் காட்டும் மலையேறி, பள்ளத்தைத் தாண்டிக் குதித்தே ஆக வேண்டிய நிலையில் நிற்கிறான். முடியும் என்று நம்பினால் கால் உறுதி பெறும், ஐயப்பட்டால் தடுமாறி விழுவான். நம்பிக்கையே தன் உண்மையை உருவாக்கும் இடம் அது. விமானிக்கும் இது ஓரளவு பொருந்தும். இறங்குதளத்தை நெருங்கும்போது கை நடுங்குபவரைவிட நிதானமாக இருப்பவர் நன்றாக இறக்குவார். ஆனால் ஜேம்ஸின் வாதம் இறக்கையின் வேர் வரை எட்டாது. நம்பிக்கை தசைக்கு வலு தரலாம், ரிவெட்டுக்குத் தராது. ஆணை குறிவைப்பது விமானியின் துணிவை அல்ல, அந்தத் துணிவு எதன்மேல் நிற்கிறதோ அதை. இங்கே கிளிஃபர்டின் பக்கமே வலுவானது.

இருந்தும் ஒற்றை இருக்கை முதியவர் இன்னும் மிச்சம் இருக்கிறார். அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் மூன்றாவது மரபு சமயத்திலிருந்து வருகிறது. யூத வேதத்தின் உபாகம நூல் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்து வீட்டின்மேல் இரத்தப்பழி வரக் கூடாது என்று கட்டளையிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்த மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில் இந்தச் சுவருக்குப் பத்துக் கை அகல உயரம் வேண்டும், சாய்ந்தால் விழாத உறுதி வேண்டும் என்று அளவு குறிக்கிறார். தானியக் கிடங்குக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் சுவர் வேண்டாம், மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் என்கிறார். பறக்காத கிளைடரைக் கேள்வி கேட்காத 39ஆம் பகுதிக்கு இது எட்டு நூற்றாண்டு மூத்த உறவு.

பிறகு மைமோனிடஸ் சுவரிலிருந்து உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் விதியை விரிக்கிறார். என்னையே நான் ஆபத்தில் வைத்துக்கொள்கிறேன், மற்றவர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவனுக்குக் கசையடி உண்டு என்கிறார். முதியவரின் வாதத்தை ஏறத்தாழ அவருடைய சொற்களிலேயே எடுத்து வைத்து மறுக்கும் இடம் இது. காரணம், மனித உயிர் கடவுளின் உடைமை, மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது மட்டுமே என்பது அந்த மரபின் அடித்தளம். 18ஆம் நூற்றாண்டில் பிராகில் வாழ்ந்த யூத மதகுரு எசெக்கியேல் லாண்டாவிடம் காடும் நிலமும் உடைய ஒருவர் வேட்டையாடலாமா என்று கேட்டபோது, பிழைப்புக்காக ஆபத்தில் இறங்குவதை வேதம் ஏற்கிறது, விளையாட்டுக்காக இறங்குவதை ஏற்காது என்று பதில் எழுதினார். இதை அப்படியே எடுத்தால் கிளைடர் பறப்பு முழுவதுமே தடைக்குள் போய்விடும்.

அந்த மரபே இதற்கு ஒரு தளர்வும் வைத்திருக்கிறது. பலரும் பழகி நடக்கும் ஆபத்துகளில், சூதறியாதவரைக் கடவுள் காப்பார் என்று விட்டுவிடலாம் என்று யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முட் ஓரிரு இடங்களில் சொல்கிறது. எல்லோரும் பறக்கும் வழக்கமான ஆபத்தோடு பறப்பது இதற்குள் அடங்கும். ஆனால் ஆணை வெளியான மறுநாள் எந்த உரிமையாளரும் சூதறியாதவர் அல்லர். ஆணை செய்யும் முதல் வேலை அறியாமையைப் பறிப்பது. அதன் பிறகு பழைய தளர்வு அவருக்கு உதவாது. சமயமற்ற அரசு முதியவரை நிறுத்தும்போது மைமோனிடஸின் முடிவையே எடுத்துக்கொள்கிறது, அவருடைய காரணத்தை மட்டும் விட்டுவிடுகிறது. அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. மீட்புச் செலவு, காப்பீடு, சோதிக்க வசதியான பொது விதி என்று அதில் எதை எதையோ நிரப்பலாம். எதுவும் உயிர் உன்னுடையது அல்ல என்பதற்கு நிகரான எடை கொண்டதில்லை.

நீதி சார்ந்த கேள்வி ஒன்றும் உண்டு: செலவு யாருடையது? அமெரிக்க ஆணைகளில் எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு பணம் என்று மதிப்பீடு இருக்கும். யார் தவறால் இந்தச் செலவு வந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வரையப்பட்ட இறக்கைக்கு உத்தரவாதம் எஞ்சியிராது. செலவு அன்றைக்குக் கையில் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. மைமோனிடஸின் சுவரும் இப்படித்தான்: வீட்டைக் கட்டியவர் யாராக இருந்தாலும் குடியிருப்பவர் கடமை அது. பிளானிக் மலிவானது என்பதாலேயே பணமில்லாத மன்றங்கள் அதை வாங்கியிருந்தன. பழுதுச் செலவு கிளைடரின் விலையையே நெருங்கும்போது அவற்றுக்கு ஆணை பழுதுபார்ப்பாக வரவில்லை, முடிவாக வந்தது. ஒரு மன்றம் பயிற்சிக் கிளைடரை இழந்தால் எத்தனை பேர் கற்காமல் போனார்கள் என்பது எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. ஆபத்தை நீக்கும் கடமை ஒருவருக்கு, அதன் பயன் எல்லோருக்கும் என்ற இந்த ஏற்பாடு ஆணையின் மிகப் பலவீனமான பக்கம்.

விதி தன்னளவில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆணையில் சொன்ன வழிதான் என்றில்லை. அதே அளவு பாதுகாப்பைத் தரும் வேறு வழியை எவரும் முன்வைத்து ஒப்புதல் கேட்கலாம். பிளானிக்குக்கு இந்த வாசல் பயன்பட்டது. இறக்கையின் வேரைப் பிரித்துச் சோதித்து வலுவூட்டும் முறைகள் பின்னர் ஒப்புதல் பெற்றன; செலவைத் தாங்க முடிந்தவர்களின் கிளைடர்கள் மறுபடியும் வானேறின. மற்றவை இன்னும் கொட்டகைகளில், பறக்காதவரை சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லாமல் நிற்கின்றன.