கருவியும் பற்றும்

செகந்திராபாத்தை அடுத்த சைனிக்புரி, ராணுவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோருக்காக உருவான குடியிருப்பு. பொருள்களைத் துடைத்துப் பேணி, பழுது பார்த்து, நெடுநாள் வைத்திருப்பது படைவாழ்க்கை தரும் பயிற்சிகளுள் ஒன்று. அங்கு வாழும் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிக்கான் டி70 கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்றும் விடியற்காலையில் பறவைகளைப் படமெடுக்கச் செல்கிறார் எனக் கொள்ளலாம். அது 2004இல் வெளிவந்த கேமரா. 6 மெகாபிக்சல் மட்டுமே கொண்டது. எளிய கைபேசிகூட இன்று அதைவிடப் பெரிய எண்ணைக் காட்டுகிறது. புதியதொன்று வாங்கித் தருவதாக மகன் கூறுகிறான். தந்தை வேண்டாம் என்கிறார். இந்த மறுப்பு போதுமென்ற மனத்திலிருந்து எழுந்ததா, விட இயலாத பற்றிலிருந்து எழுந்ததா?

வெளியிலிருந்து காண்போருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அந்தத் தந்தைக்கே வேறுபாடு தெரிந்திருக்குமா என்பதும் ஐயமே.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வெளிவந்த டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்கும் புகைப்படக் கலைஞர்கள் உலகெங்கும் உள்ளனர். அக்கேமராக்களுள் பல சிசிடி என்னும் வகைச் சென்சாரைக் கொண்டவை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் அதனைக் கண்டறிந்தனர். 2009இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். அந்தப் பரிசு வந்த காலத்திலேயே கேமராக்களில் அதன் இடத்தை சீமாஸ் என்னும் வேறு வகைச் சென்சார் பிடித்துக்கொண்டிருந்தது. பழையதன் நிறம் புதியதில் வருவதில்லை என்பது அன்பர்களின் வாதம். உண்மையில் நிறத்தைத் தீர்மானிப்பதில், சென்சாரின் வகையைக் காட்டிலும் அதன்மேல் அமைந்த வண்ண வடிகட்டிக்கும் படத்தைப் பக்குவப்படுத்தும் மென்பொருளுக்கும் பங்கு அதிகம். ஆயினும் அவர்கள் அடையும் இன்பம் பொய்யன்று. கைக்குப் பழகிய எடை, குறைவான பொத்தான்கள், பாராமலேயே விரல் சென்று சேரும் இடங்கள் ஆகியவை கருவியை மறந்து காட்சியில் ஒன்றத் துணை செய்கின்றன. தச்சர் தம் பழைய உளியை மாற்ற விரும்பாததும் இதனாலேயே. இதனைப் பற்று என்று இகழ்வது நியாயமாகாது.

சிக்கல் தொடங்குமிடம் வேறு. ‘என் கேமரா எனக்குப் போதும்’ என்னும் சொல், ‘என் நிறுவனத்தின் கேமராவே சிறந்தது’ என மாறும்போது, அங்கே சத்தமின்றி ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. நிக்கான் வைத்திருப்பவர் கேனானைக் குறை கூறுகிறார். கேனான் வைத்திருப்பவரின் முகம் வாடுகிறது. குறை கூறப்பட்டது ஓர் இயந்திரம், புண்பட்டது மனிதர். ஒரு நிறுவனத்தின் லென்ஸ்களில் பெரும்பணத்தைச் செலவிட்டவர் மற்றொன்றுக்கு மாறத் தயங்குவது வெறும் கணக்கு, அதில் பிழையில்லை. அந்தக் கணக்கு நாளடைவில் அபிமானம் என்னும் வேடம் பூணுவதும், வேடத்தை முகமென்று உரியவரே நம்புவதும்தான் வியப்பு.

இந்த அபிமானத்திற்கு மறுபக்கத்தில் ஈடு கிடையாது. கேனான் நிறுவனம் 1987இல் லென்ஸ் பொருத்தும் அமைப்பையே மாற்றியது. அதுவரை சேர்த்த லென்ஸ்கள் புதிய கேமராக்களில் நேராகப் பொருந்தவில்லை. கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலிலிருந்தே விலகிற்று. 2009இல் வந்த லைகா எம்9 கேமராவில், சென்சாரை மூடிய கண்ணாடி நாளடைவில் அரிக்கும் குறை காணப்பட்டது. நிறுவனம் பல ஆண்டுகள் சென்சாரை மாற்றிக் கொடுத்தது. 2020இல் மாற்றுச் சென்சார்கள் தீர்ந்துவிட்டன என அறிவித்தது. இவற்றில் வஞ்சகம் ஏதுமில்லை. வணிகம் தன் வழியில் செல்கிறது. உறவு என்று எண்ணியவர் வாங்கியவர் மட்டுமே.

சைனிக்புரிக்கு அண்மையில், செகந்திராபாத் நகரில்தான் ராஜா தீன் தயாள் 1880களில் தம் புகைப்பட நிலையத்தை நடத்தினார், ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞராக விளங்கினார், 1905இல் மறைந்தார். அவர் நிலையத்தின் 2857 கண்ணாடி நெகடிவ்கள் டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் காக்கப்படுகின்றன. அரண்மனைகளையும் விருந்துகளையும் வேட்டைகளையும் அவற்றில் காண்போர், எந்த நிறுவனத்தின் கேமரா என்று வினவுவதில்லை.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமை வியாரவாலாவின் வாழ்வும் இங்கே நினைக்கத்தக்கது. ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃபிளெக்ஸ் ஆகிய கேமராக்களைக் கொண்டு, விடுதலை காலத்து இந்தியாவைப் பதிவு செய்தவர் அவர். புதிய தலைமுறைப் புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல், 1970இல் தொழிலைத் துறந்தார். சலித்துப்போய் வேறு கேமரா தேடவில்லை. பழையதைத் தடவித் தடவி ஏங்கவும் இல்லை. வதோதராவில் செடிகளை வளர்த்து, வீட்டுக்கு வேண்டியவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டு வாழ்ந்தார். தம் படத்தொகுப்பை அல்காஸி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2012இல், தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார்.

தம் பழைய ஃபியட் காரை மட்டும் அவர் எளிதில் விடவில்லை. முதிய வயதிலும் தாமே அதனை ஓட்டிச் சென்றார்.