தலைக்கூத்தலும் சம்மதமும்

தன்னைத் தலைக்கூத்தலுக்கு உட்படுத்துவது பற்றி வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்ட எண்பது வயது முதியவர் ஒருவர், வீட்டைவிட்டு வெளியேறி உறவினரிடம் தஞ்சம் புகுந்தார். 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த இந்தச் செய்திக்குப் பிறகுதான், தென்மாவட்டங்களில் பலரும் அறிந்திருந்தும் வாய்விட்டுப் பேசாத ஒரு வழக்கம் வெளியுலகுக்குத் தெரிந்தது. விடியற்காலையில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் தலைமுழுக்காட்டி, இளநீரைப் புகட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் பிரியும். வயதானவர், படுக்கையில் கிடந்தவர், போய்ச் சேர்ந்தார் என்று ஊர் சொல்லும். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இதைச் செய்கிறவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி விலகிவிடுவது எளிது. பிள்ளைகளில் பலர் அழுதுகொண்டேதான் செய்கிறார்கள். ஆனால் பராமரிப்பின் பாரத்தைச் சுமப்பவரே அது எப்போது இறங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்கலாகாது. இந்த வழக்கத்தின் அடிப்படைத் தவறு அங்கேதான் இருக்கிறது.

‘அவரே கேட்டுக்கொண்டார்’ என்பதுதான் முதலில் வரும் பதில். சட்டம் இதை ஏற்பதில்லை. பதினெட்டு வயது கடந்தவர் தானே சம்மதித்து உயிர்விட்டாலும் கொலைக்குற்றத்தின் கடுமை குறையுமே தவிர, குற்றம் இல்லாமல் போகாது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்த இந்த நிலையைப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படியே வைத்திருக்கிறது. அறத்தின் பார்வையிலும் இந்தச் சம்மதம் நிற்காது. மலம் அள்ளும் மருமகளின் முகச்சுளிப்பையும், லீவு முடிந்து திருப்பூருக்குத் திரும்ப வேண்டிய மகனின் தவிப்பையும் நாள்முழுக்கப் பார்த்துக் கிடப்பவர் ‘என்னைக் கொண்டு போயிரப்பா’ என்றால், அது சாக விருப்பமா, பிள்ளைகளுக்குத் தொல்லையாக இருக்கப் பிடிக்காத கூச்சமா? அதைப் பிரித்தறிய வேண்டியவர்களே அந்தச் சொல்லால் ஆறுதல் அடையப்போகிறவர்கள். 2010-இல் வீட்டைவிட்டு ஓடிய அந்த முதியவரை யாரும் கேட்கவே இல்லை.

வறுமையைக் காட்டும் வாதம் இதைவிடக் கனமானது. விருதுநகர் மாவட்டத்தின் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் விளைச்சல். இல்லையென்றால் கூலி, அல்லது வெளியூர்ப் பிழைப்பு. படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வைக்கும். புண் வைத்தால் சீழும் நாற்றமும் வலியும். புரட்டிவிட ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு கூலி போயிற்று. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஒரு மாதக் கூலி இழப்புக்கு அது எந்த மூலைக்கு? இந்தக் கணக்கு உண்மை. ஆனால் அந்த வீட்டுக்கு உதவி போய்ச்சேரவில்லை என்பதைத்தான் அது நிரூபிக்கிறது. படுத்திருப்பவர் வாழத் தகுதியற்றவர் என்பதை நிரூபிக்கவில்லை.

பணம் தீர்ந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்களே, அது மட்டும் சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அங்கேயும் சில நேரம் தீர்ப்பை எழுதுவது மருத்துவமனை பில்தான். ஆயினும் பயனற்ற சிகிச்சையை நிறுத்தி நோயின் போக்குக்கு விடுவதும், சாவை நாமே வருவிப்பதும் ஒன்றல்ல. சிகிச்சையை நிறுத்துவதற்குக்கூட உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம், இரண்டு கட்ட மருத்துவக் குழுக்கள் எனக் காவல் வைத்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியபோதும் அந்தக் குழுக்களை எடுத்துவிடவில்லை. பாரம் சுமக்காத கண்கள் பார்க்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அந்தக் கண்கள் கிராமத்துக்கு எங்கிருந்து வரும்? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் வாங்கித் தரும். முதியோரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை என்கிறது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைக் கடமைப்பட்டவர்களாகக் குறிப்பிடும் அந்தச் சட்டத்தில் மருமகள் இல்லை. வேலை முழுவதும் விழுவதோ அவள் தலையில். கொடுக்க இல்லாத மகனிடம் ஜீவனாம்ச உத்தரவும் செல்லாக்காசு. ஆனால் தீர்ப்பாயம் தானாக முன்வந்தும் விசாரிக்கலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வர வேண்டும். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வரும் செவிலியரின் குறிப்பு, மருந்துப் பட்டியலோடு நின்றுவிடாமல், அந்தத் தீர்ப்பாயத்தை நடத்தும் அருப்புக்கோட்டைக் கோட்டாட்சியர் மேசைக்கும் போக வேண்டும். போலீசை அனுப்புவதற்காக அல்ல. வாரத்தில் சில நாளாவது புரட்டிவிடவும் புண்ணைக் கழுவவும் கூலி கொடுத்து ஓர் ஆளை அனுப்புவதற்காக. அதைச் செய்த பிறகுதான் அரசுக்குத் தலைக்கூத்தலைக் குற்றம் என்று முழுக்குரலில் சொல்லும் தகுதி வரும்.