முகமறியாதவனுக்குச் செய்யும் தீங்கு

நாம் செய்த தீங்கு இன்னாருக்கு நேர்ந்தது என்று நமக்கே தெரியாமற்போனால், அதற்கு நாம் பொறுப்பாளிகளா? வழக்கும் இல்லை, வாதியும் இல்லை. இக்கேள்விக்கு விடை காணப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் பச்சை குத்திக்கொள்ளப் போகும் கடையிலும், குழந்தைக்குக் காது குத்தும் இடத்திலும், ஓர் ஊசி முனையைப் பார்த்தாலே போதும். (பச்சை குத்துவது அழகா, அவலட்சணமா என்ற சச்சரவு இங்கே வேண்டாம். பாட்டிமார் கையில் கோலம் குத்திக்கொண்ட நாட்டில் பேரப்பிள்ளைகளை மட்டும் கடிவானேன்?)

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துச் சுகாதார இலாகா 1961-இல் பச்சை குத்தும் தொழிலையே தடை செய்தது. இரத்தத்தின் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் மஞ்சட்காமாலை அக்கடைகளில் தொற்றுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். அவ்வியாதியை இன்று ஹெபடைடிஸ் பி என்கிறார்கள். தடை 1997 வரை நீடித்தது. ஆனால் தொழில் நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீடுகளுக்குள் நடந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஊசியைக் கொதிக்க வைத்தார்களா என்று யார் பார்ப்பது? சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் குத்துகிறவனுடைய மனச்சாட்சி ஒன்றுதான் காவல்.

அந்தக் காவலனையும் உறங்க வைக்கும் தன்மை இவ்வியாதிக்கு உண்டு. கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட இரண்டு முதல் ஐந்து மாதம் வரை செல்லும். அதற்குள் குத்தியவன் குத்தப்பட்டவனின் முகத்தையே மறந்திருப்பான். உலர்ந்துபோன இரத்தத்திலும் ஏழு நாள்வரை அக்கிருமி பிழைத்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத துளியே போதுமானது. ஆகவே, தீங்கு செய்தவன் பெரும்பாலும் தான் செய்ததை அறியாமலே சாப்பிட்டு, நிம்மதியாய் உறங்குகிறான்.

"தெரியாமல் நடந்துவிட்டது" என்ற சமாதானம் ஒரு காலத்தில் ஓரளவு செல்லும். அந்தக் கிருமியின் அடையாளமே 1960-களில்தான் கண்டறியப்பட்டது. இன்று அச்சமாதானம் செல்லாது. கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேளாமலே இருந்துவிட்டு, பிறகு தெரியாது என்பது அறியாமையன்று, அசட்டை.

நல்லெண்ணமும் தனியே போதாது. 2000-ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்தில், நகைகள் விற்கும் ஒரு கடையில் மேற்காதில் குத்திக்கொண்டவர்களிடையே கொடிய சீழ்த்தொற்று கண்டது. ஏழு பேருக்கு அது உறுதியாயிற்று. சிலருடைய காது உருக்குலைந்தது. ஆராய்ந்தபோது, சுத்தம் செய்வதற்கென்று வைத்திருந்த மருந்துப் புட்டியிலேயே அக்கிருமி இருந்தது! துடைத்த கை நல்ல கைதான் என்றே வைத்துக்கொள்வோம். காதை இழந்த பிள்ளைக்கு அதனால் ஆறுதல் உண்டோ?

செய்ய வேண்டியவை அரியவையல்ல. ஒருவருக்குக் குத்திய ஊசி குப்பைக்கே போகவேண்டும். கிண்ணத்தில் மிஞ்சிய மையைப் புட்டியில் திரும்ப ஊற்றுவது சிக்கனமல்ல, அநியாயம். மறுபடி பயன்படும் கருவிகளை, பொதியிட்டு, 121 டிகிரி நீராவியில் அரை மணி நேரம் வைக்கவேண்டும். ஸ்பிரிட்டில் துடைப்பதும் நெருப்பில் காட்டுவதும் இதற்கு ஈடாகா. காது குத்தும் துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடல் பெரும்பாலும் இந்த நீராவியைத் தாங்காது. அதனாலேயே அது சந்தேகத்துக்குரியது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறதே என்பாரும் உண்டு. 1989-இல் கண்டறியப்பட்ட ஹெபடைடிஸ் சி-க்கு இல்லையே!

இவ்விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. இவன் நோயாளியாய் இருப்பானோ என்று எவரையும் சந்தேகித்து முகம் பார்க்க வேண்டியதில்லை. பணக்காரன், கூலிக்காரன், நண்பன், அந்நியன் எல்லாருக்கும் ஒரே ஜாக்கிரதை. தன்னிடம் கிருமி இருப்பதை அறியாதவனும் இதனால் அவமானப்படுவதில்லை.

குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், "உறையை என் கண் முன்னால் பிரியுங்கள், ஐயா" என்று கேட்கக் கூச்சப்படுகிறாள். ஆசாரி முகம் சுளிக்கலாம். பக்கத்தில் நிற்கும் மாமியாரும் சுளிக்கலாம். ஆயினும் கேட்க வேண்டியதே. தொழிலறிந்தவராயிருந்தால், அவள் கேட்பதற்கு முன்பே கையைக் கழுவிக்கொண்டு வந்து, உறையைப் பிரித்துக் காட்டுவார்.