குறியும் குறையும்

வீட்டில் இருக்கும் பெரும்பாலான சாதனங்களுக்குத் தன் குறையைச் சொல்லத் தெரியாது. மிக்ஸி புகைந்து காட்டும், கிரைண்டர் சத்தம் போட்டுக் காட்டும். வாஷிங் மெஷின் மட்டும் பாதித் துவையலில் நின்று, பீப் பீப்பென்று கூப்பிட்டு, 'ஓஇ' என்று இரண்டு எழுத்தைக் காட்டுகிறது. அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால் நிற்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? தானே குனிந்து பார்ப்பதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா? காசு மிச்சம் பிடிக்கிற கேள்வியாகத்தான் இதை எல்லோரும் பார்க்கிறோம். இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலில் அந்த எழுத்துகள். எல்ஜி இயந்திரங்களில் 'ஐஇ' என்றால் தண்ணீர் வரத்தில் சிக்கல். 'ஓஇ' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. 'யுஇ' என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து டிரம் சமநிலை இழந்திருக்கிறது. ஒற்றை ஜமுக்காளத்தைப் போட்டால் இது வரும். 'டிஇ' கதவு. சாம்சங்கில் தண்ணீர் வராததற்கு '4இ', பிறகு வந்த மாடல்களில் '4சி'. வெளியேறாததற்கு '5இ', '5சி'. பாஷ் அதையே 'இ18' என்கிறது. ஒரே நோவுக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். போதாக்குறைக்கு, ஏழு கோடுகளால் எழுத்தைக் காட்டும் அந்தச் சின்னத் திரையில் ஆங்கில எஸ்ஸும் 5 என்ற எண்ணும் ஒன்றுபோலவே தெரியும். ஃபோனில் இவர் 'எஸ்இ'ன்னு சொல்வார், அந்தப் பக்கம் இருப்பவர் அப்படி ஒண்ணும் கிடையாதே சார் என்பார். எல்ஜியில் 'சிஎல்' என்று வந்தால் அது குறையே இல்லை, குழந்தைகளுக்கான பூட்டு. அதை எடுக்க இன்ஜினியர் வேண்டாம்.

இந்தப் பட்டியல் கையேட்டின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கிறது. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கும் அந்தக் குறி என்ன சொல்கிறது என்பது விளங்கியிருக்க வேண்டியதில்லை. 'ஐஇ'யையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதில்லை. தொட்டியின் அடியிலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய குழாயில் காற்று அடைபட்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அந்தக் காற்று அழுந்தும். மேல்நுனியில் இருக்கும் சென்சார் அந்த அழுத்தத்தை அளக்கும். குறித்த நேரத்துக்குள் எதிர்பார்த்த அளவு எட்டவில்லையென்றால் 'ஐஇ'. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாடித் தொட்டி காலியாக இருக்கலாம். டேப் மூடியிருக்கலாம். தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் சல்லடையில் போர் தண்ணீரின் மணலும் துருவும் அடைத்திருக்கலாம். வால்வு போயிருக்கலாம். கழிவுக் குழாயைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தால், உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே இழுபட்டுப் போய்க்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. இயந்திரம் வரவில்லை என்கிறது. அது பொய்யில்லை. தன்னால் எது முடியவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. ஏன் முடியவில்லை என்பதை நாம்தான் ஏற்றிப் படிக்கிறோம்.

மருத்துவருக்கு வள்ளுவர் வைத்த முறையும் இதுதான்: நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழிக்குப் போக வேண்டும். திரையில் வரும் குறி முதல் படிக்கே பாதிதான் உதவும். மீதியை அறிய வேறொரு வகை அறிவு வேண்டும். கில்பர்ட் ரைல் 1949இல் எழுதிய 'தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்' நூலில், ஒன்றை இன்னதென்று தெரிந்திருப்பதையும் ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பதையும் பிரித்துக் காட்டினார். 'ஓஇ' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை என்பது முதல் வகை. நல்ல மெக்கானிக் வந்ததும் திரையைப் பார்ப்பதைவிடக் காதைத்தான் கொடுப்பார். பம்ப் முனகியும் தண்ணீர் நகரவில்லையென்றால் உள்ளே நாணயமோ ஹேர்பின்னோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். முனகலே இல்லையென்றால் பம்ப்போ அதற்கு வரும் மின்சாரமோ போயிருக்கும். இது இரண்டாவது வகை. "அஞ்சு நிமிஷம் ஃபில்டரைத் தொறந்து மூடினான், ஐந்நூறு ரூபா வாங்கிட்டான்" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிமிஷத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் காதுக்கு எத்தனை வருஷம் ஆனது என்பது கணக்கில் வருவதில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டுமா? வேண்டாம். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நான் செய்வது தப்பாகப் போனால், இழப்பு யாருக்கு? சல்லடையைக் கழற்றிக் கழுவுவது, கீழே இருக்கும் கழிவு ஃபில்டரைத் தண்ணீர் ஆறிய பிறகு திறந்து பார்ப்பது, மடங்கிய குழாயை நிமிர்த்துவது, துணியைப் பிரித்துப் போடுவது, இதிலெல்லாம் தவறினால் தரை நனையும், துடைத்துக்கொள்ளலாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றுவது அப்படியில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். இந்த எளிய சோதனைகளுக்குப் பிறகும் அதே குறி திரும்பி வந்தால், நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருக்காமல் இன்ஜினியரைக் கூப்பிட்டுவிடலாம். காரணத்தைப் பார்க்காமல் சுவிட்சை அணைத்துப் போடுவது, புகார் சொன்னவரின் வாயைப் பொத்துவது மாதிரிதான். கதவுப் பூட்டு வேலை செய்யவில்லை என்று அதைத் தாண்டி ஒயரை "டைரக்டா குடுத்துடுறேன்" என்பவர்கள் உண்டு. மெஷின் ஓடும். சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்முக்குள் கைவிடப் போகும் குழந்தையைத் தடுக்க அப்புறம் எதுவும் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. வடிவமைத்தவர் எதற்குச் சென்சார் வைத்தாரோ அதற்குத்தான் குறி. பேரிங் தேய்ந்து ரயில் ஓடுவதுபோல இரைந்தாலும் திரை சும்மா இருக்கும். ஒயர் கருகும் வாடை வந்தாலும் அநேகமாக அப்படித்தான். எர்த் சரியில்லாமல் உடம்பில் மின்சாரம் கசிந்தால், திரையில் ஓர் எழுத்துகூட வராது; துணி பளிச்சென்று துவைந்து வரும். வீட்டில் ஆர்சிசிபி இருந்தால் அது டிரிப் ஆகிச் சொல்லக்கூடும். இல்லாத வீடுகளில் சொல்வது தொட்டவரின் விரல்தான். "அக்கா, செருப்பு போட்டுக்கிட்டு தொடுங்க, லேசா ஷாக் அடிக்கும்" என்று வேலைக்கு வருகிறவரிடம் சாதாரணமாகச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. 'யுஇ' வந்தால் அன்றைக்கே ஃபோன் போடும் வீடாகவும் அது இருக்கும், ஏனென்றால் 'யுஇ'யில் துவையல் நின்றுவிடுகிறது. ஷாக்கில் எதுவும் நிற்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய ஒரே நேரம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மெக்கானிக்குக்கும் கம்பெனிக்கும் இதில் கடமை இருக்கிறது. "போர்டு போயிடுச்சு சார்" என்பது நம்மால் சரிபார்க்க முடியாத வாக்கியம். எந்த சோதனையில் அப்படித் தெரிந்தது என்று காட்டுவதும், கழற்றிய பாகத்தை நம்மிடமே கொடுத்துவிட்டுப் போவதும் அந்தத் தொழிலின் நேர்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு வாஷிங் மெஷின் மாடல் விற்பனையிலிருந்து நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பழுதுக் குறிகள் பற்றிய தகவலைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, டிசம்பரில் அதற்கான இணையதளத்தையும் திறந்தது.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. மருத்துவத்தை நான்காகப் பிரித்த வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பவரையும் சேர்த்துக்கொண்டார். வாஷிங் மெஷினுக்கு அந்த நான்காவது ஆள் நாம். எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன சத்தம் வந்தது, என்ன வாடை, நாமே எதைக் கழற்றிப் பார்த்தோம் என்று வந்தவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். "நாங்க ஒண்ணும் தொடலை" என்று சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முக்கியமாக, வேலைக்கு வரும் அக்கா "தொட்டா சுருக்குங்குது"ன்னு சொன்னால், அதையும் ஒரு குறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கையேட்டில் அதற்கு எழுத்து கிடையாது.